முருகம்மாள் கழுத்து நெறிக்கட்டி

மத்தியானம் இரண்டே முக்கால் மணி. ஆயிரப்பேரி தாண்டிப் பழைய குற்றாலத்துக்குப் போகிற ரோடு. ஐப்பசி மாதம்... மலையில் நாலு நாளாக மழை கொட்டி, அருவியில் குளிக்கத் தடை போட்டிருந்தார்கள். அதனால் ஒரு வண்டி கிடையாது. பஜ்ஜிக் கடைகூட கிடையாது. இரண்டு பக்கமும் தென்னந்தோப்பு, நடுவில் நனைந்த தார் ரோடு. அதில் ஒரே ஒரு ஸ்கூட்டி போய்க்கொண்டிருந்தது.

பேய் என்றால் நடுராத்திரியில்தான் வரும் என்று நினைக்கிறீர்கள், இல்லையா... இது பட்டப்பகலில் நடந்தது. ஆனால் பகல் நுழைய முடியாத ஒரு இடத்தில் நடந்தது. இன்னும் கொஞ்சம் கிட்டே வந்து உட்காருங்கள். மழைச் சத்தத்தில் என் குரல் எடுபடவில்லை.

ஸ்கூட்டியில் போனவள் பெயர் குழல்வாய்மொழி. என்னோடு வேலை பார்க்கிற உமா மகேஸ்வரிக்கு அத்தை மகள். தென்காசிக்காரி, இருபத்தொன்பது வயது. பயந்த பிள்ளை என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். ஆறு மாதம் பிணவறையில் பயிற்சி எடுத்தவள். பக்கத்து அறையில் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டவள்.

ஆள் வராமல் மூடிக்கிடந்த ஒரு பழைய லாட்ஜை ஜெயபிரியா என்கிற டாக்டரம்மா வாடகைக்கு எடுத்து ஆராய்ச்சிக்கூடம் ஆக்கியிருந்தார். அங்கேதான் இவளுக்கு வேலை. வேலை என்னவென்று சொன்னால்தான் பிறகு நடந்தது புரியும்.

காலில் புண் வந்தால் தொடையிடுக்கில் நெறி கட்டுகிறதல்லவா? அந்த நெறிக்கட்டி நம் எல்லார் உடம்பிலும் எப்போதும் இருக்கிறது. சும்மா இருக்கும்போது உளுந்து அளவு. நோய் வந்தால் வீங்கிச் சுண்டைக்காய் ஆகிவிடும். அதை வெங்காயம் மாதிரி மெல்லிசாகச் சீவி, கண்ணாடியில் ஒட்டிப் பார்ப்பது பழைய முறை. அதில் ஒரு ஏடு தெரியும். ஏட்டுக்கும் ஏட்டுக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்பது தெரியாது. இவர்கள் வெட்டுவதே இல்லை. கட்டியை முழுசாகத் தண்ணீர் வற்றச் செய்து, ஒருவித தைலத்தில் ஊறப் போடுவார்கள். நாம் மூட்டுவலிக்குத் தேய்க்கிற தைலம் இருக்கிறதே... அதே வாசனை. இரண்டு நாளில் கட்டி கண்ணாடி போல் ஆகிவிடும். எங்கே கிடக்கிறது என்று வெறுங்கண்ணுக்குத் தெரியாது.

பிறகு மைக்ராஸ்கோப். அது காகிதத்தைவிட மெல்லிசான ஒரு நீல வெளிச்சத் தகட்டைக் கட்டியின் உச்சியிலிருந்து அடிவரை இறக்கிக்கொண்டே போகும். ஒவ்வொரு படிக்கும் ஒரு படம். எல்லாவற்றையும் கம்ப்யூட்டர் அடுக்கிக் கொடுத்தால், அந்தச் சுண்டைக்காய்க்குள் நாமே இறங்கி நடக்கிற மாதிரி இருக்கும். சந்து சந்தாக ஓடும். சந்துக்குள் சந்து. முட்டுச் சந்து.

அன்றைக்குப் படம் எடுக்க வேண்டியது முருகம்மாளின் நெறிக்கட்டி.

முருகம்மாளுக்கு வீரகேரளம்புதூர். ஐம்பது வயதிருக்கும், பீடி சுற்றுகிறவள். கழுத்தில் வரிசையாக வீக்கம். தென்காசியில் ஒரு ஆஸ்பத்திரியில் இரண்டு கட்டியை எடுத்து, ஒன்றை வழக்கமான சோதனைக்கு அனுப்பினார்கள். இன்னொன்றை ஆராய்ச்சிக்குத் தர முடியுமா என்று கேட்டுக் கையெழுத்து வாங்கப் போனவள் குழல்வாய்மொழிதான்.

"எதுக்குத் தாயி எங் கட்டி?" என்று முருகம்மாள் கேட்டிருக்கிறாள்.

"உள்ள எப்படி இருக்குன்னு முழுசாப் பாக்கதுக்கு யம்மா."

முருகம்மாளுக்குச் சிரிப்பு. "என் உடம்புக்குள்ள நானே இன்னும் போய்ப் பாத்ததில்ல. நீ போய்ட்டு வந்து சொல்லு." அருகில் நின்ற புருஷன் சுந்தரபாண்டியும் சிரித்தான். புகையிலைக் கறை படிந்த விரலால் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

இவ்வளவுதான் இவர்களுக்குள் பழக்கம்.

மூன்று மணிக்கு லாட்ஜில் ஆள் யாரும் இல்லை. டாக்டரம்மா திருநெல்வேலிக்குப் போயிருந்தார். வாட்ச்மேன் நம்பிராஜன் மட்டும் வராந்தாவில் இருந்தார். மைக்ராஸ்கோப் இருந்தது ஏழாம் நம்பர் ரூமில். ஜன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்து, சுவர், கூரை, தரை எல்லாம் கறுப்புப் பெயிண்ட். கதவைச் சுற்றி ரப்பர். ஊசிமுனை வெளிச்சம் உள்ளே வந்தாலும் படம் கெட்டுவிடும். செல்போனைக்கூட வெளியே அலமாரியில் வைத்துவிட்டுத்தான் போக வேண்டும்.

"அண்ணாச்சி, ஒரு நாப்பது நிமிசம். யாரும் கதவத் தொறந்துராம பாத்துக்கிடுங்க."

"நான் எங்க போகப் போறேன்? இங்கனயேதான் இருப்பேன் தாயி," என்று நம்பிராஜன் பிளாஸ்டிக் நாற்காலியைக் கதவுக்கு எதிரே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

கதவைச் சாத்தினாள். மூன்றேகால்.

எட்டு மில்லிமீட்டர் கட்டி. கணக்குப்படி ஆயிரத்து அறுநூறு படம். பட்டனை அழுத்தினாள். மோட்டார் நகர ஆரம்பித்தது. டிக்... டிக்... டிக்... ஒரு படிக்கு ஒரு டிக். திரையில் பச்சைப் பச்சையாகச் சந்துகள் வந்து வந்து போயின. தைல வாசனை. ஏசி காற்று. அவளுக்கு அது பழகிய வேலை. கன்னத்தில் கையை ஊன்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஆயிரத்து ஐந்நூறு வந்தது. சந்துகள் குறுகிக்கொண்டே வந்தன. ஆயிரத்து ஐந்நூற்றுத் தொண்ணூறில் ஒரு பொட்டு மட்டும். ஆயிரத்து அறுநூறில் அதுவும் போய்த் திரை கறுப்பானது. கட்டி முடிந்துவிட்டது. மெஷின் தானாக நிற்க வேண்டும்.

டிக்.

ஆயிரத்து அறுநூற்று ஒன்று.

டிக்... டிக்... சரி, ஏதோ எண் தப்பாகக் கொடுத்துவிட்டோம் போல என்று நினைத்தாள். கறுப்புத்தானே, ஓடினால் ஓடட்டும். ஆனால் ஆயிரத்து எழுநூறு பக்கம் வரும்போது திரையில் மறுபடி பச்சை வந்தது. ஒரு கோடு... பிறகு ஒரு சந்து. சுண்டைக்காய் முடிந்த பிறகு அதற்கும் அடியில் சந்து எங்கிருந்து வரும்? தகட்டை இறக்குகிற அந்த மோட்டார் எட்டரை மில்லிமீட்டருக்கு மேல் இறங்கவே இறங்காது. இரும்பில் முட்டி நிற்கும். இது முட்டவில்லை. இறங்கிக்கொண்டே இருந்தது.

இரண்டாயிரத்து நூறு வாக்கில் அவள் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டாள். திரையில் ஒரு மூலை தெரிந்தது.

மூலை என்றால்... சுவரும் சுவரும் சேர்கிற மூலை. உடம்புக்குள் அப்படி ஒன்று கிடையாது. உடம்புக்குள் எல்லாமே வளைவு. இத்தனை வருஷத்தில் அவள் பார்த்த ஆயிரக்கணக்கான படத்தில் ஒரு மூலை பார்த்ததில்லை. அடுத்த டிக்கில் இரண்டாவது மூலை. பிறகு மூன்று. பிறகு நான்கு.

ஒரு அறை. மேலிருந்து பார்க்கிற மாதிரி.

அறைக்கு நடுவில் ஒரு சின்ன வட்டம். டிக்... வட்டம் பெரிதானது. டிக்... வட்டத்தின் இரண்டு பக்கமும் மடல் மடலாக ஏதோ முளைத்தது. அது காது என்று அவளுக்குப் புரிந்த அந்த நொடியில்... அவள் நெற்றியில், புருவத்துக்குச் சற்று மேலே, குளிர்ச்சியாக ஒரு கோடு விழுந்தது. நூல் மாதிரி. தலையைச் சுற்றிக் கட்டின மாதிரி.

டிக்.

அந்தக் கோடு ஒரு நூலிழை கீழே இறங்கியது.

டிக்.

திரையில் இப்போது மூக்கு தெரிந்தது.

அவள் யோசிக்கவே இல்லை. அவசரத்துக்கு மொத்தக் கரண்டையும் நிறுத்த என்று வைத்திருக்கிற சிவப்புப் பட்டனை உள்ளங்கையால் அறைந்தாள். திரை அணைந்தது. ஏசி நின்றது. அறை முழுக்க இருட்டு. கண்ணை மூடினாலும் திறந்தாலும் ஒன்றுதான்... அப்படி இருட்டு.

அந்த இருட்டில்... டிக். டிக். டிக்.

மின்சாரமே இல்லாமல்.

கோடு உதட்டுக்கு வந்திருந்தது. அவள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து கதவு இருந்த பக்கம் பாய்ந்தாள். கைப்பிடியைப் பிடித்துத் திருகினாள், இழுத்தாள். அசையவில்லை. இரண்டு கையாலும் கதவை அடித்தாள்.

"அண்ணாச்சி! நம்பிராஜன் அண்ணாச்சி! கதவத் தொறங்க!"

நம்பிராஜன் ஆறடி தள்ளி உட்கார்ந்திருக்கிறார். அவளுக்குத் தெரியும். அதனால் பதில் வரும் என்றுதான் முதலில் நினைத்தாள். வரவில்லை. அவள் போட்ட சத்தமே ஒரு மாதிரியாக இருந்தது. எதிரொலி இல்லை. பஞ்சு மூட்டைக்குள் வாயை வைத்துக் கத்தின மாதிரி, சத்தம் போய் எங்கேயோ அமுங்கியது.

அடித்தாள். அடித்துக்கொண்டே இருந்தாள். கொஞ்ச நேரத்தில் கையில் பட்டது மரமாகத் தெரியவில்லை. சூடாக இருந்தது. ஈரமாக இருந்தது. அழுத்தினால் உள்ளே போய்த் திரும்ப வந்தது. நம் கன்னத்தை உள்பக்கமாக நாக்கால் தடவிப் பாருங்கள்... அப்படி.

கையை வெடுக்கென்று எடுத்துவிட்டாள். பிறகு, கதவை விட்டு விலகிப் போய்விட்டோம் போல, சுவரைப் பிடித்துக்கொண்டே போனால் கதவு வராமலா போகும் என்று ஒரு நினைப்பு. மனதைக் கல்லாக்கிக்கொண்டு மறுபடி சுவரைத் தொட்டு, ஒரு பக்கமாக நடந்தாள். பத்துக்குப் பத்து அறை அது. நாலு எட்டில் ஒரு மூலை வர வேண்டும். நாலு எட்டு வைத்தாள். பத்து வைத்தாள். ஐம்பது வைத்தாள். மேஜை இடிக்கவில்லை, நாற்காலி இடிக்கவில்லை, மூலை வரவில்லை. சுவர் வளைந்து வளைந்து போய்க்கொண்டே இருந்தது. போகப் போகத் தாழ்ந்தது. குனிந்து நடந்தாள். பிறகு முட்டி போட்டு ஊர்ந்தாள். இரண்டு தோளும் இரண்டு பக்கமும் உரசின. அதற்கு மேல் முடியவில்லை. முட்டுச் சந்து. திரும்பலாம் என்றால் திரும்ப இடமில்லை.

தைல வாசனை போயிருந்தது. அதற்குப் பதிலாகப் புகையிலை நெடி. எங்கேயோ பக்கத்தில் துடிப்பு. காதுக்குள் கேட்கிற மாதிரி ஆரம்பித்து, உடம்பு முழுக்க முட்டுகிற மாதிரி. திம்... திம்... திம்...

அப்படியே கிடந்தாள். எவ்வளவு நேரம் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. ஒரு ராத்திரி முழுக்க என்றுதான் உமாவிடம் சொல்லியிருக்கிறாள். அழுதாள், தூங்கினாள், மறுபடி அழுதாள். நடுவில் ஒரு தடவை சுவர் மொத்தமும் இறுகி, அவளை அப்படியே மேலே தூக்கி, மறுபடி கீழே விட்டது. கூடவே பெரிதாக ஒரு 'மடக்'. யாரோ டீ விழுங்கின மாதிரி.

பிறகு... மிகக் கிட்டத்தில், சுவருக்கு அந்தப் பக்கம், ஒரு ஆண் குரல்.

"யாரு உள்ள?"

அவளுக்கு உயிர் வந்தது. முட்டியை மடக்க இடமில்லாமல், கையை மார்போடு வைத்துக்கொண்டு முஷ்டியால் அடித்தாள். "நாந்தான்! குழலு! நம்பிராஜன் அண்ணாச்சி, கதவத் தொறங்க! மூச்சு முட்டுது!"

 யாரோ பயந்துபோய் மூச்சை இழுக்கிற சத்தம் மட்டும் கேட்டது. அவ்வளவு கிட்டத்தில்.

அப்புறம்தான் வெளிச்சம் வந்தது.

நம்பிராஜன் டார்ச்சோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார். குழல்வாய்மொழி ஏழாம் நம்பர் ரூமில், மேஜைக்கு அடியில், சுவரோரமாகச் சுருண்டு கிடந்தாள். இரண்டு கை விரல் முட்டியிலும் தோல் உரிந்து ரத்தம். தொண்டை கட்டிப்போய்ப் பேச்சு வரவில்லை.

"என்ன தாயி ஆச்சு? கரண்டு போச்சேன்னு கதவத் தள்ளுனேன்..."

"எவ்வளவு நேரமாத் தட்டுதேன் அண்ணாச்சி..." என்று காற்றாகக் கேட்டாள்.

நம்பிராஜன் முழித்தார். "ஒரு சத்தமும் கேக்கலயே. நான் இந்த நாற்காலிய விட்டு எந்திரிக்கவே இல்ல. கதவுல தாழ்ப்பாளும் போடல. ஒத்த விரல வச்சுத் தள்ளுனேன், தொறந்துக்கிட்டு."

வெளியே அலமாரியில் செல்போனை எடுத்துப் பார்த்தாள். மூன்று ஐம்பத்தைந்து. சரியாக நாற்பது நிமிஷம்.

சாயங்காலம் டாக்டரம்மா திரும்பி வந்து கம்ப்யூட்டரைப் போட்டுப் பார்த்தார். ஆயிரத்து அறுநூறு படம் இருந்தது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. "ரொம்ப நல்லா வந்திருக்கு குழல். ஒரு படம்கூட அசையல," என்றார். அவள் கையைப் பார்த்துவிட்டு, மூடின அறையில் தைல ஆவி ஏறியிருக்கும், மயக்கத்தில் எங்கேயாவது மோதியிருப்பாய் என்று சொல்லி, பதினைந்து நாள் லீவு கொடுத்து அனுப்பினார். அவரைக் குறை சொல்ல முடியாது. நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

அந்தப் பதினைந்து நாளும் குழல்வாய்மொழி வீட்டில் எந்தக் கதவையும் சாத்தவிடவில்லை. குளிக்கும்போதுகூட.

பதினாறாவது நாள் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. நர்ஸ் சைதூன் பீவி.

"ஏட்டி குழலு, அந்த வீரகேரளம்புதூர் பொம்பள வந்து உக்காந்திருக்கு. அதுக்குக் காசநோய்க் கட்டிதான், பயப்பட ஒண்ணுமில்ல. ஆறு மாசம் மாத்திரை. வாங்கிட்டுப் போன்னா போக மாட்டேங்குது. உன்னப் பாத்துட்டுத்தான் போவேங்குது."

போகக் கூடாது என்றுதான் நினைத்தாள். எப்படிப் போனோம் என்று தெரியாமல் போய்விட்டாள்.

காலை பதினொரு மணி. ஆஸ்பத்திரி வராந்தா முழுக்கக் கூட்டம், பிள்ளைகள் அழுகிற சத்தம். பெஞ்சில் முருகம்மாள் கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சுந்தரபாண்டி தூணோரம் நின்றான்.

"என்ன யம்மா, என்னத் தேடுனீயளாமே?" என்று குழல்வாய்மொழி கேட்டாள்.

அவ்வளவுதான் கேட்டாள். சுந்தரபாண்டி தூணைப் பிடித்துக்கொண்டான்.  பெண்டாட்டியைப் பார்த்து, "இவ குரல்தான் முருகு... சத்தியமா இவ குரல்தான்," என்றான்.

முருகம்மாள் குழல்வாய்மொழியின் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள். ஆறிவருகிற விரல் முட்டிக் காயங்களைத் தடவிப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"நம்பிராஜன்னு உனக்கு யாரையும் தெரியுமா தாயி?"

குழல்வாய்மொழி தலையை மட்டும் ஆட்டினாள்.

"நெனச்சேன்," என்றாள் முருகம்மாள். "போன வாரத்துக்கு முந்துன வாரம், செவ்வாக்கெழம. மூணே முக்கா மணி இருக்கும். வீட்டுல உக்காந்து பீடி சுத்திக்கிட்டு இருக்கேன். கழுத்துல தையல் போட்ட எடத்துல, உள்ள இருந்து யாரோ கதவத் தட்டுத மாதிரி இருந்துச்சு. வலி இல்ல. தட்டுதல்தான். டீயக் குடிச்சாச் சரியாப் போகும்னு குடிச்சேன், போகல. இவுகளக் கூப்புட்டு, காத வச்சுப் பாருங்கன்னேன். இவுக காத வச்சாக."

சுந்தரபாண்டி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "யாரு உள்ளன்னு கேட்டேன். நாந்தான் குழலுன்னு சத்தம் வந்துச்சு. மூச்சு முட்டுதுன்னு..."

அந்தச் செவ்வாய்க்கிழமை லாட்ஜில் அவள் இருந்த இடத்துக்கும் வீரகேரளம்புதூருக்கும் முப்பது கிலோமீட்டராவது இருக்கும். அவளுக்கு நடந்ததை அவள் உமாவைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. டாக்டரம்மாவிடம்கூட முழுசாகச் சொல்லவில்லை.

"நாலு மணிக்கெல்லாம் உன் சத்தம் நின்னுட்டு," என்றாள் முருகம்மாள். "எப்படியோ வெளிய வந்துட்டன்னு நெனச்சேன். நல்லாருக்கியான்னு பாக்கத்தான் வந்தேன்."  பிடித்த கையை விடவில்லை. "அதில்ல தாயி... இன்னொண்ணு கேக்கணும். நீ மட்டுந்தானே வெளிய வந்திருக்க?"

"ஆமா... நான் மட்டுந்தானே இருந்தேன்?"

முருகம்மாள் புருஷனைப் பார்த்தாள். அவன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

"இல்லியே," என்றாள். "மத்தவுக இன்னும் உள்ளதான் இருக்காக. தட்டுததில்ல இப்போ. ராவானாத் தாழ்ந்த குரல்ல பேசிக்கிடுதாக. என்ன பேசுதாகன்னுதான் வெளங்கல. நீ படிச்ச புள்ள... ஒருவாட்டி கேட்டுச் சொல்லேன்."

கழுத்துத் துண்டை விலக்கினாள். தையல் பிரித்த தழும்பு, சிவப்பாக, ஒரு விரல் நீளத்துக்கு.

மாட்டேன் என்று சொல்ல வாயைத் திறந்ததாகத்தான் குழல்வாய்மொழிக்கு ஞாபகம். ஆனால் குனிந்திருந்தாள். காதைத் தழும்பின் மேல் வைத்திருந்தாள். சூடு. புகையிலை நெடி. வராந்தாக் கூட்டத்தின் சத்தமெல்லாம் எங்கேயோ தூரமாகப் போனது.

உள்ளே பேச்சுக் கேட்டது. ஒருவர் இரண்டு பேர் இல்லை. கல்யாண வீட்டுப் பந்தியில் தூரத்திலிருந்து கேட்குமே, அந்த மாதிரி... நிறையப் பேர். ஆணும் பெண்ணுமாக. வார்த்தை பிடிபடவில்லை. அவள் காதை இன்னும் கொஞ்சம் அழுத்தினாள்.

பேச்சு சட்டென்று நின்றது.

பிறகு உள்ளேயிருந்து யாரோ ஒருத்தி, மற்றவர்களிடம், மிக மெதுவாகச் சொன்னாள்...

"ஷ்ஷ்... அவ கேட்டுக்கிட்டு இருக்கா."